லேசரை அணைத்தால் என்ன ஆகும்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் 'ஒளியை உறைய வைத்தார்கள்' என்ற தலைப்பில் அரைப்பக்கச் செய்தி ஒன்று வந்திருந்தது. இத்தாலியில் லெச்சே நகரில் இருக்கும் ஆய்வாளர்கள் ஒளியை சூப்பர்சாலிட் என்ற நிலைக்கு (திடப்பொருள் போல வரிசையான அமைப்பும், எல்லாம் ஒரே அலையாக இருக்கும் தன்மையும் ஒருசேர இருக்கும் நிலை) கொண்டுபோனதைப் பற்றிய செய்தி அது. 2025 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்த வேலை. ஒரு தமிழ் நாளிதழ் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடித்தபோது, அந்த ஆய்வில் எது உயிரோ அது மட்டும் செய்தியில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தமாகப் போய்விட்டது. நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் செய்தியைப் படித்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியின் சாரம் இதுதான்: ஒளியை மிகக் கடுமையாகக் குளிர வைத்தார்கள், அது கெட்டியாகி அப்படியே நின்றுவிட்டது. இரண்டுமே சரியில்லை. குளிர்ச்சி அந்தச் சோதனையில் இருந்தது, ஆனால் அது வேறு ஒரு வேலைக்காக. அதைப் பின்னால் சொல்கிறேன். 'அப்படியே நின்றுவிட்டது' என்பது நடந்ததற்கு நேர்மாறு. அந்த ஒளி ஒரு கணம்கூட நிற்கவில்லை, வெளியே ஒழுகிக்கொண்டே இருந்தது. லேசர் தந்த ஆற்றல் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரைதான் அந்த நிலையும் இருந்தது. வரத்து நின்றால் செகண்டில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது, எல்லாம் காலி. இந்த ஒரு வரி உங்கள் செய்தியில் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் கடந்த 20 வருடங்களாக இந்தத் துறையில் கணக்குப் போடுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு வரியை வைத்துத்தான்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல முடியாதவை என்று வைத்து எண்ணினால், சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி விடும் என்று சொல்லும் பிளாங்க் விதி தானாக வந்துவிடுகிறது என்று காட்டி, அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். அதோடு விடாமல் அதே எண்ணும் முறையை அணுக்களுக்குப் பொருத்திப் பார்த்தார். போதுமான அளவு குளிர்ந்தால் ஏராளமான அணுக்கள் மிகக் குறைந்த ஆற்றல் நிலை ஒன்றிலேயே போய்ச் சேர்ந்துவிடும் என்று கண்டார். அதைக் கண்ணால் பார்க்க 70 வருடம் ஆனது. 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபீடியம் அணுக்களை 170 நானோகெல்வின் வரை குளிர்வித்து அதைச் செய்தார்கள்; அதே வருடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள எம்ஐடியில் வுல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் செய்தார்; மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு. 170 நானோகெல்வின் என்றால், அதற்குக் கீழே குளிரவே முடியாத முழுப் பூஜ்ய வெப்பநிலைக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குகூட இல்லை. போஸ்-ஐன்ஸ்டைன் கண்டன்சேட் என்று நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான், அதனால்தான் கண்டன்சேட் என்றதும் எல்லோருக்கும் குளிர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. உங்கள் நிருபருக்கும் அப்படித்தான் வந்திருக்கும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் போஸ் தொடங்கியது ஒளியில். ஒளிக்கே இது ஏன் எளிதில் நடப்பதில்லை என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒரு பெட்டிக்குள் ஒளியை அடைத்துப் பெட்டியைக் குளிர வைத்தால், ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கீழ்நிலையில் போய்க் கூடுவதில்லை, சுவரில் போய் மறைந்துவிடுகின்றன. குளிரக் குளிர எண்ணிக்கையே குறைந்துகொண்டு போகும். அணு அப்படிக் காணாமல் போகாது. ஆகவே ஒளியை வைத்துக் கண்டன்சேட் செய்ய வேண்டுமானால் இரண்டு காரியம் ஆக வேண்டும்: ஒளிக்கு ஒரு நிறை வேண்டும், ஃபோட்டான்கள் மறையும் முன் தங்களுக்குள்ளோ வேறு எதனோடோ ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு கீழே இறங்க வழி வேண்டும். இரண்டையும் பொருள்தான் தர முடியும். ஒளியும் பொருளும் கலந்த அமைப்புகள் என்று இந்தத் துறையே உருவானது அப்படித்தான்.

லெச்சேயில் செய்தது போலாரிட்டான் வழி. ஒரு குறைக்கடத்தியில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும். அது காலி செய்த இடம் ஒரு நேர்மின் துகளைப் போல நடந்துகொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு ஜோடியாகத் திரியும். அந்த ஜோடிக்கு எக்ஸிட்டான் என்று பெயர். இப்போது அந்தக் குறைக்கடத்திப் படலத்தை ஒளி எளிதில் தப்பாத ஒரு அமைப்புக்குள் வைக்க வேண்டும். பெரும்பாலான சோதனைகளில் அது எதிரெதிரான இரண்டு கண்ணாடிகள்; முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்காது, இரண்டு விதமான பொருள்களை மாற்றி மாற்றி, ஒவ்வொரு அடுக்கும் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனில் வளர்த்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஃபோட்டானை எக்ஸிட்டான் விழுங்கும், திரும்ப உமிழும், மறுபடி விழுங்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல், ஒளி வெளியே தப்பிப்பதைவிட வேகமாக நடந்தால், அங்கே இருப்பது ஒளியா எக்ஸிட்டானா என்று கேட்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. இரண்டும் கலந்த புதுத் துகள் அது, அதுதான் போலாரிட்டான். 1992-இல் க்ளாட் வெய்ஸ்பூஷும் ஜப்பானிய ஆய்வாளர்களும் இதைக் குறைக்கடத்தியில் முதலில் காட்டினார்கள். இதன் நிறை எலக்ட்ரானின் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடவும் குறைவு. நிறை குறைந்தால் குவாண்டம் அலை நீளும், அலை நீண்டால் ஒன்றோடு ஒன்று மேற்பொருந்துவதற்கு அத்தனை குளிர் தேவையில்லை. 2006-இல் க்ரெநோபிள், லோசான், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சேர்ந்து காட்மியம் டெலுரைடு என்ற குறைக்கடத்தியில் 19 கெல்வினில் போலாரிட்டான் கண்டன்சேட்டைக் காட்டினார்கள். ருபீடியத்துக்குத் தேவைப்பட்டதைவிடப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல் அதிகமான வெப்பநிலை!

அந்த 2006 சோதனையின் படத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் போட்டுக் காட்டுவேன். தகட்டின் மேல் லேசர் விழுகிறது. கண்ணாடி வழியே ஒழுகி வரும் ஒளியைக் கேமரா பிடிக்கிறது. ஒளி எந்தக் கோணத்தில் வெளியே வருகிறதோ, அதிலிருந்தே உள்ளே அந்தப் போலாரிட்டான் எந்த உந்தத்தோடு இருந்தது என்று தெரிந்துவிடும், நேராக வந்தால் உந்தம் பூஜ்யம். லேசரைக் குறைவாக வைத்தால் எல்லாக் கோணத்திலும் மங்கலாகப் பரந்து வருகிறது, வரைபடத்தில் தட்டையான ஒரு மேடு. லேசரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட, மேடு அப்படியே உயரும் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் நட்டநடுவில் மட்டும் ஊசி மாதிரி ஒரு கூர்முனை கிளம்புகிறது, சுற்றி உள்ளதெல்லாம் கிட்டத்தட்டப் பழையபடியே கிடக்கிறது. அப்புறம் அந்த ஒளிப்புள்ளியின் ஒரு ஓரத்து ஒளியையும் எதிர் ஓரத்து ஒளியையும் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்தால், வரிவரியாகக் குறுக்கீட்டுக் கோலம் தெரிகிறது. அந்த ஓரமும் இந்த ஓரமும் ஒரே அலை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதில் கவனிக்க வேண்டியது, ஒழுகாமல் இருந்திருந்தால் நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. கேமராவுக்கு வந்தது முழுவதும் ஒழுகிய ஒளிதான்.

இப்போது அந்தக் குளிர் விஷயத்துக்கு வருகிறேன். லெச்சேயில் பயன்பட்டது காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தி. அதில் எலக்ட்ரானும் அதன் காலியிடமும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி ரொம்பத் தளர்வானது, அறை வெப்பநிலையின் ஆட்டத்திலேயே ஜோடி பிரிந்துவிடும். ஜோடி பிரிந்தால் எக்ஸிட்டான் இல்லை, போலாரிட்டானும் இல்லை. தகட்டைக் குளிர்விப்பது அந்த ஜோடியைக் காப்பாற்றத்தான். பிடி இறுக்கமாக உள்ள கரிமப் பொருள்களில் சாதாரண அறை வெப்பநிலையிலேயே போலாரிட்டான் கண்டன்சேட் கிடைத்திருக்கிறது. 2014-இல் ஸூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஒரு பாலிமரில் காட்டினார்கள். 2017-இல் லெச்சே ஆய்வாளர்களே கரிமப் படலத்தில் அறை வெப்பநிலையில் போலாரிட்டான்கள் தடையில்லாமல் மீப்பாய்மமாக ஓடுவதைக் காட்டினார்கள். குளிர்தான் இதன் ரகசியம் என்று வாசகர் நினைத்துவிட்டால் இந்தச் சோதனைகள் எல்லாம் அவருக்கு எப்படிப் புரியும்?

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். போலாரிட்டான் பிறந்து சில பைக்கோ செகண்டுகளில் வெளியே ஒழுகிவிடுகிறது. ஒரு செகண்டை ஒரு லட்சம் கோடி துண்டாக்கினால் ஒரு துண்டுதான் பைக்கோ செகண்டு. மிக நல்ல கண்ணாடி வளர்த்தால் சில நூறு பைக்கோ செகண்டு வரை தாங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே லேசரால் ஊற்றிக்கொண்டே இருந்தாக வேண்டும். எங்கள் குடியிருப்பு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: அடியில் கசிகிறது, சம்ப்பிலிருந்து மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கிறது, நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்கிறது. எட்டிப் பார்ப்பவருக்கு அது சும்மா நிற்கும் தண்ணீர். ஆனால் அந்த மட்டத்தை முடிவு செய்வது தொட்டியின் அளவு இல்லை, மோட்டாரின் வேகமும் கசிவின் வேகமும்தான். காலையில் இருந்த தண்ணீர் மதியம் இல்லவே இல்லை. ஒளிக் கண்டன்சேட்டின் நிலையும் இதுதான்.

இதனால் கணக்கில் வரும் வித்தியாசம் சாதாரணமானது இல்லை. போஸும் ஐன்ஸ்டைனும் போட்டது சமநிலைக் கணக்கு. வெப்பநிலை என்ன, மொத்தம் எத்தனை துகள் என்று சொல்லிவிட்டால் போதும், எந்த ஆற்றல் நிலையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சூத்திரம் சொல்லிவிடும். துகள்கள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன என்ற கேள்வியே எழாது. ஒழுகும் அமைப்பில் அந்தச் சலுகை இல்லை. லேசர் எந்த வேகத்தில் ஊற்றுகிறது, கண்ணாடி எந்த வேகத்தில் விடுகிறது, உள்ளே துகள்கள் மோதி மோதி எந்த வேகத்தில் கீழே இறங்குகின்றன, இந்த மூன்றுக்கும் இடையில் ஓயாத போட்டி. அந்தப் போட்டியின் முடிவில் வெப்பநிலை என்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம்கூட இங்கே இல்லை. லேசரை மிகச் சிறிய புள்ளியாகக் குவித்தால், கண்டன்சேட் பூஜ்ய உந்தத்தை விட்டுவிட்டு வெளிப்பக்கமாக ஓடும் அலையாகவே உருவாகிவிடுகிறது. ஐன்ஸ்டைனின் கணக்கில் இதற்கு இடமே கிடையாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கசிவை என்ன பெரிதாக, வருகிறதில் கழித்துக்கொண்டால் போகிறது என்று தோன்றும். குவாண்டம் இயற்பியலில் அப்படி வெறுமனே கழித்தால் எல்லா நிகழ்தகவுகளையும் கூட்டினால் 1 வர வேண்டும் என்ற அடிப்படையே உடைந்துவிடும். ஒவ்வொரு ஃபோட்டானும் தப்பிப் போவது ஒரு நிகழ்வு, அது தன்னோடு தவிர்க்க முடியாத ஒரு இரைச்சலையும் (தற்செயலான ஏற்ற இறக்கத்தை அப்படிச் சொல்வோம்) கொண்டுவருகிறது. இழப்பை எழுதினால் இரைச்சலையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கான சரியான, பொதுவான வடிவம் 1976-இல் கிடைத்தது. ஸ்வீடனின் யோரன் லிண்ட்பிளாட் தனியாகவும், கோரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் சேர்ந்து தனியாகவும் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்று உலகத்தில் எந்த மூலையில் யார் போலாரிட்டானுக்கோ, ஒளிக் கண்டன்சேட்டுக்கோ, குவாண்டம் கணினியின் பிழைகளுக்கோ கணக்குப் போட்டாலும் பெரும்பாலும் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த சுதர்சன் யார்? இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கத்துக்காரர், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர், 1980-களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். லேசர் ஒளிக்கும் விளக்கு ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குவாண்டம் முறையில் எழுத 1963-இல் அவர் கொடுத்த வழியை இன்றும் கிளாபர்-சுதர்சன் வடிவம் என்றுதான் சொல்கிறார்கள். 2005-இல் ஒளியின் குவாண்டம் கணக்குக்கு நோபல் வந்தபோது அமெரிக்கரான ராய் கிளாபருக்குக் கொடுத்தார்கள், சுதர்சனுக்கு இல்லை. அது நியாயம் இல்லை என்று இயற்பியலாளர்கள் பலர் அன்றே சொன்னார்கள், நானும் அந்தப் பக்கம்தான். லெச்சே ஆய்வை எழுதும்போது இத்தாலியைச் சொன்னீர்கள், சரி. வேளச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தை நடத்தியவர், தாம்பரத்துக்கு வந்து படித்தவர் எழுதிய கணிதத்தின் மேல் இந்தத் துறையே நிற்கிறது என்பதைச் சென்னைப் பதிப்பு வாசகருக்கு ஒரு வரியில் சொல்லியிருந்தால், தாம்பரத்தில் இன்று இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்!

கணக்கு வேறு என்றால் விளைவும் வேறாகத்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. 2006-இல் மார்ஸெனா ஷிமான்ஸ்கா, ஜொனாதன் கீலிங், பீட்டர் லிட்டில்வுட் மூவரும் ஊற்றலையும் ஒழுகலையும் முழுதாகக் கணக்கில் எடுத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சமநிலைக் கண்டன்சேட்டில் அலையின் கட்டத்தை (தன் ஏற்ற இறக்கத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) ஒரு இடத்தில் லேசாகக் கலைத்தால், அந்தக் கலைவு ஒலியைப் போல அலையாக ஓடும். ஒழுகும் கண்டன்சேட்டில், நீண்ட தூரங்களில், அது அலையாக ஓடுவதில்லை; மெல்லப் பரவி அடங்கிவிடுகிறது. அடுத்த வருடமே வூட்டர்ஸும் கரூசோட்டோவும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள். பிறகு இந்தத் துறையின் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே கோடாக நீண்ட போலாரிட்டான் கண்டன்சேட்டில் கட்டத்தின் ஏற்ற இறக்கங்கள், 1986-இல் கார்டர், பரிசி, ஸாங் மூவரும் வளரும் பரப்புகளின் கரடுமுரடுக்காக எழுதிய சமன்பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்று கணித்தார்கள். 2022-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஜாக்லின் ப்ளோக்கின் ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது அப்படியே வந்தது. ஒளி ஒழுகுகிறதே என்று ஒரு குறையாக நினைத்தது ஒரு புது இயற்பியலையே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

'மிஸ், லேசர் அடித்து, ஒரே அலையாக ஒளி வெளியே வருகிறது என்றால் இதுவும் லேசர்தானே?' என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். மிக நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் வருடக்கணக்காக இதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். இதற்கு நேரான பதில் கிடைப்பது ஜெர்மனியின் பான் நகரச் சோதனையில். 2010-இல் மார்ட்டின் வைட்ஸின் குழு இரண்டு வளைந்த கண்ணாடிகளுக்கு நடுவே ஒன்றரை மைக்ரோமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ரோடமின் என்ற சாயக் கரைசலை நிரப்பியது. குறைக்கடத்தி கிடையாது, குளிரூட்டல் கிடையாது, எல்லாம் அறை வெப்பநிலை. அத்தனை குறுகிய இடைவெளியில் ஃபோட்டானுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று வந்துவிடுகிறது, அதோடு ஒரு நிறையும் வந்துவிடுகிறது. அந்தக் குறைந்தபட்ச ஆற்றல் அறைச் சூட்டின் ஆற்றலைப்போல ஏறக்குறைய எண்பது மடங்கு, அதனால் சூடு மட்டும் புதிதாக ஃபோட்டானை உண்டாக்க முடியாது, எண்ணிக்கையை லேசர்தான் தீர்மானிக்கும். உள்ளே போன ஃபோட்டானைச் சாய மூலக்கூறு விழுங்கி, திரும்ப உமிழ்ந்து, இப்படிப் பல முறை நடக்கையில் ஒளி அந்தக் கரைசலின் வெப்பநிலைக்கே வந்துவிடுகிறது. சுமார் 77,000 ஃபோட்டான் சேர்ந்ததும், மங்கலான மஞ்சள் வட்டத்தின் நடுவில் பளீரென்று ஒரு புள்ளி.

இதை லேசரிலிருந்து எது பிரிக்கிறது என்று 2013-இல் பீட்டர் கர்ட்டனும் அதே கீலிங்கும் கணக்கிட்டார்கள். தப்பிக்கும் முன் ஃபோட்டான் எத்தனை முறை விழுங்கி உமிழப்படுகிறது என்பதுதான் விஷயம். பல முறை நடந்தால் வெப்பச் சமநிலைக்கு மிக அருகில் வருகிறது, கீழ்நிலையில் கூடுகிறது: கண்டன்சேட். கண்ணாடி அவசரப்பட்டு ஒழுகவிட்டால் சமநிலைக்கு நேரமில்லை, எந்த நிலையில் ஒளி அதிகமாகப் பெருகுமோ அது முந்திக்கொள்கிறது: சாதாரண லேசர். ஒரே சோதனைப் பெட்டி, ஒழுகும் வேகத்தை மாற்றினால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம், நடுவில் சுவர் எதுவும் இல்லை. நான் அந்த மாணவிக்குச் சொன்ன பதிலும் இதுதான். உங்கள் வாசகர்களுக்கும் இது புரியும். நிச்சயம் புரியும், நம் ஊரில் பிளஸ் டூ படித்தவர் எல்லோருக்கும் லேசர் தெரியும்.

லெச்சே சோதனையை இந்த வெளிச்சத்தில் இன்னொரு தடவை பாருங்கள். நுண்ணிய வரிப்பள்ளங்கள் செதுக்கிய ஒரு மெல்லிய தகட்டில் போலாரிட்டான்கள் முதலில் ஒரு நிலையில் கூடுகின்றன. கூட்டம் ஒரு அளவைத் தாண்டியதும், ஜோடி ஜோடியாக மோதி, எதிரெதிர் உந்தமுள்ள இரண்டு பக்கத்து நிலைகளுக்குச் சிதறுகின்றன. மூன்று நிலைகளின் அலைகளும் சேரும்போது அடர்த்தியில் மெல்லிய வரிகள் எழுகின்றன. ஒரே அலையாக இருக்கும் தன்மையும் கெடவில்லை. இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் சூப்பர்சாலிட். குளிர்ந்த அணுக்களில் இதை 2017 முதலே பார்த்திருக்கிறார்கள். லெச்சேயில் புதிது, ஊற்றி ஒழுகும் ஒரு அமைப்பிலும் அது உருவாகும் என்பது. அதாவது உங்கள் செய்தியில் எதை விட்டுவிட்டீர்களோ, அதுதான் செய்தி.

கடைசிப் பத்தியில் 'இனி குவாண்டம் கணினி நம் கைக்குள்' என்று முடித்திருந்தீர்கள். அந்தச் சோதனைக்கும் அதற்கும் ரொம்ப தூரம். பயன் சொல்லத்தான் வேண்டும் என்றால் நிஜமான ஒன்று இருக்கிறது. சாதாரண லேசருக்குக் கிளர்ந்த நிலையில் இருப்பவை கீழ்நிலையில் இருப்பவற்றைவிட அதிகமாக இருந்தாக வேண்டும், அதற்கு நிறைய ஆற்றல் செலவு. போலாரிட்டான் கண்டன்சேட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை, அதனால் குறைந்த செலவில் லேசர் போன்ற ஒளி கிடைக்கும் என்று 1996-லேயே இமாமோக்லுவும் மற்றவர்களும் எழுதினார்கள். 2013-இல் மின்சாரத்தாலேயே இயங்கும் போலாரிட்டான் லேசரைச் செய்து காட்டியும் விட்டார்கள். கைக்குள் குவாண்டம் கணினி என்ற வாக்குறுதியைவிட இது சின்னதுதான், ஆனால் உண்மை. பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வரும்போது ஏமாறாமல் இருக்க வேண்டுமே.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இணையதளப் பதிப்பில் அந்தச் செய்தி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. குளிரவைத்து உறைந்தது என்ற வரியை எடுத்துவிட்டு, லேசர் ஊற்றுவதையும் ஒளி ஒழுகுவதையும் பற்றி இரண்டு வரி சேருங்கள். அப்புறம், இப்படிப்பட்ட செய்தி வெளிநாட்டிலிருந்து வரும்போது அச்சுக்குப் போகும் முன் தரமணிக்கோ கிண்டிப் பக்கத்துக் கல்வி நிலையங்களுக்கோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தமிழில் பொறுமையாக விளக்கக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அரைப்பக்கம் போதாது என்றால் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கம் கொடுங்கள், படம் போட்டு எழுதித் தர நான் தயார், என் வகுப்புப் பிள்ளைகளும் தயார்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
வேளச்சேரி, சென்னை – 42